சகலை வண்டியில் வந்த தூக்கம்

டயர்க்கடைக்காரருக்குப் பொறாமை என்பது வயதான பிறகு வந்த வியாதி இல்லை, கூடவே பிறந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பையனின் பென்சில் கூர்மையாக இருந்தால் அன்றைக்கு முழுக்க இவருக்குக் கணக்கு வராது. வளர்ந்து ஆளாகி, சொந்தமாகக் கடை வைத்து, காற்று பிடிக்கும் கம்ப்ரஸரும் டயர் கழற்றும் மெஷினும் வாங்கிப் போட்டு, நாலு பேர் நின்று பேசுகிற மனுஷனான பிறகும் அது அவரை விட்டுப் போகவில்லை. பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டரைப் பார்த்துக்கூட அவருக்கு எரியும். "அவர்கிட்ட வர்றவன் வாயைத் திறந்துக்கிட்டு பேசாம படுத்திருக்கான். என்கிட்ட வர்றவன் வாயை மூடுறதே இல்ல" என்பார்.

தொழிலில் மட்டும் அவரைக் குறை சொல்ல வழியில்லை. வண்டி வாசலில் ஏறி நிற்கிற விதத்திலேயே எந்தச் சக்கரத்தில் காற்றுக் குறைவு என்று சொல்லிவிடுவார். டயரின் பக்கவாட்டில் பொடியெழுத்தில் ஒரு நம்பர் இருக்கும். அதைக் குனிந்து படித்துவிட்டு, "இதுல போட்டிருக்கிற அளவு காத்து வைங்க" என்று கேட்டு வருகிறவர்கள் தினமும் இரண்டு பேராவது உண்டு. இவருக்கு அப்போது வருகிற கோபம் இருக்கிறதே, சொந்தத் தம்பியைத் திட்டுகிற மாதிரித் திட்டுவார்.

"அது டயர் தாங்குற அதிகபட்சம்ங்க. உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு டிரைவர் கதவைத் திறந்தா ஓரத்துல ஒட்டியிருக்கும், அதைப் படிங்க. டயரைப் பாறாங்கல்லா ஆக்கிட்டு, அப்புறம் இடுப்பு வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட போவீங்க."

பெரிய பளபளப்பான ரிம் கேட்டு வரும் இளவட்டங்களுக்கு வேறு பிரசங்கம். "சக்கரம் பெருசானா ரப்பர் மெலிஞ்சுடும் தம்பி. பள்ளத்துல விழுற அடியை வாங்கி உள்ளயே வச்சுக்கிறது அந்த ரப்பர்தான். அது இல்லேன்னா அடி நேரா உட்கார்ந்திருக்கிறவன் முதுகுக்கு வரும். அழகு தெருவுல நிக்கிறவனுக்கு, அடி உள்ள இருக்கிறவனுக்கு."

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். அவருடைய சொந்த வண்டியைப் பார்த்தால் அந்தப் பழமொழியைச் சொன்னவருக்குக் கோயிலே கட்டலாம். கருப்பு நிறக் கார். நாலு பக்கமும் தாம்பாளம் அகலத்துக்கு வெள்ளி ரிம். அதைச் சுற்றி ரிப்பன் கட்டின மாதிரி இரண்டு விரல் உயரத்துக்கு ரப்பர். காரணம் வேறொன்றுமில்லை. தெருமுனையில் புதிதாக ஒருவன் டயர்க்கடை திறந்து, தன் வண்டிக்கு அப்படி ஒரு ரிம்மை மாட்டிக்கொண்டு இவர் கடை வழியாகப் போனான். அன்றைக்கு இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாரமே அவனுடையதைவிட ஓர் அங்குலம் பெரியதாக வாங்கி மாட்டிக்கொண்டார். கேட்டவர்களுக்கு, "கடை வண்டிங்க, இதுதானே போர்டு" என்று ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தார்.

உலகத்தில் அவர் பொறாமைப்படாத ஆள் ஒரே ஒருவர்தான், அவருடைய சகலை. மனைவியின் தங்கை வீட்டுக்காரர். பழைய சின்னக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டுகிறவர். வண்டியின் நிறம் என்ன என்று அதன் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். தலைமுடி நெற்றியிலிருந்து பின்வாங்கிப் பாதித் தூரம் போய்விட்டது. வேகம் என்பதே அறியாதவர் என்பதால் குடும்பத்தில் அவருக்கு ஆமை என்று பெயர். பொறாமைப்பட ஒன்றுமே இல்லாத ஆள் என்பதால் கடைக்காரருக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம். ஆமையின் டயர்கள் வழுக்கையானபோது, அவரை உட்கார வைத்துவிட்டுத் தாமே தேடி எடுத்துப் போட்டார். சின்ன ரிம்முக்கு ஏற்ற, பக்கவாட்டு உயரமான, மிருதுவான ரப்பர் டயர். "உன் வண்டிக்கு இது போதும்ப்பா" என்றார். பெரிய மனசு உள்ளவர்கள் பேசுகிற தொனியில்தான் சொன்னார்.

அதிலிருந்து வாராவாரம் காலையில், சக்கரம் சூடேறுவதற்கு முன்பே ஆமை கடைக்கு வந்துவிடுவார். கதவோரத்து ஸ்டிக்கர் சொன்னபடி முப்பது வைத்து அனுப்புவார் இவர். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது இவ்வளவு அன்பாகவும் நடக்கும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

கடைக்காரரின் மனைவி வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். குனிந்து குனிந்து தைத்ததில் முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பயிற்சி செய்தால் போதும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியோ ஊரின் மறுகோடியில். முதல் சில தடவைகள் கடையைச் சாத்திவிட்டு இவரே கூட்டிப்போனார். கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி வருவாள்.

"வலிக்குதா?"

"இல்லீங்க. ரோடு சரியில்ல."

அவரும் ரோடு போட்டவனைத் திட்டிக்கொண்டே ஓட்டுவார்.

ஒருநாள் காய்கறி ஏற்றின லாரி ஒன்று டயர் வெடித்துக் கடை வாசலிலேயே வந்து நின்றது. விட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஆமைக்குப் போன் செய்தார். ஆமை வந்து கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து இறக்கினார். காரைவிட்டு இறங்கிய மனைவியைப் பார்த்தபோது கடைக்காரருக்கு எங்கோ இடித்தது. கன்னத்தில் சீட்டு மடிப்பின் தடம். கண்ணில் சோம்பல்.

"என்னாச்சு?"

"தூங்கிட்டேங்க. போறப்பவும் தூக்கம், வர்றப்பவும் தூக்கம். பாலம் எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னே தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. என் வண்டியில ஒருநாள் கண் மூடியிருப்பாளா என்றுதான் தோன்றியது. அடுத்த தடவை அவர் சாவியை எடுக்கும்போதே, "நீங்க கடையைப் பாருங்க. தங்கச்சி வீட்டுக்காரர் அந்தப் பக்கமாத்தான் போறாராம், வரேன்னிருக்கார்" என்றாள். அதற்கு அடுத்த தடவை சொல்லக்கூட இல்லை. வாசலில் ஹாரன் கேட்டது, போய்விட்டாள்.

எரிச்சல் என்றால் சாதாரண எரிச்சல் இல்லை. இதுவரை ஊரில் உள்ளவர்களைப் பார்த்து எரிந்ததெல்லாம் தீக்குச்சி அளவு என்றால் இது அடுப்பு. கடையில் நட்டைத் தப்பாக முடுக்கினார். ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று சக்கரத்துக்குக் காற்று வைத்துவிட்டு நாலாவதை மறந்தார். ஆமையிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டார்:

"வழியில என்னப்பா பேசிக்கிட்டு போவீங்க?"

"பேச எங்கண்ணே? அக்காதான் ஏறின உடனே தூங்கிடறாங்களே."

"பாட்டு கீட்டு போடுவியோ?"

"ரேடியோ கெட்டுப்போய் ரெண்டு வருஷமாச்சு."

இந்தப் பதிலும் அவருக்குப் பிடிக்கவில்லை. பேச்சும் இல்லாமல், பாட்டும் இல்லாமல் ஒருத்தி நிம்மதியாகத் தூங்குகிறாள் என்றால் அது இன்னும் மோசம். ஆமை டீ குடிக்கப் போன நேரத்தில் அந்தக் காரின் பின்கதவைத் திறந்து ஆராய்ந்தார். சீட் கிழிந்து பஞ்சு தெரிந்தது. பெட்ரோலும் பழைய துணியும் கலந்த வாசனை. சீட்டின் ஓரத்தில், தன் வீட்டுத் தலையணை. மிச்சத் துணியில் அவள் தைத்த நீலக் கட்டம் போட்ட உறையோடு, அங்கேயே குடியிருப்பது போலச் சாய்ந்து கிடந்தது. வீட்டில் அதைக் காணோமே என்று இரண்டு நாளாக அவர்தான் தேடிக்கொண்டிருந்தார்.

ஊருக்கெல்லாம் காரணம் சொல்கிறவருக்கு இதன் காரணம் தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகத் தெரியும். உயரமான ரப்பர், சரியான காற்று, அவ்வளவுதான் விஷயம். அதை ஒப்புக்கொண்டால் தன் ரிம்மைக் கழற்ற வேண்டும். கழற்றினால் தெருமுனைக்காரன் பார்த்துச் சிரிப்பான். ஆகவே காரணம் டயர் இல்லை, அந்த ஆள்தான் என்று மனசை நம்பவைத்துக்கொண்டார். நம்பவைத்த பிறகு அந்த வழுக்கைத் தலைகூட அவர் கண்ணுக்குக் களையாகத் தெரிய ஆரம்பித்தது.

அந்த வாரமும் வழக்கம்போலக் காலையிலேயே ஆமை வந்து வண்டியை நிறுத்தினார். "அண்ணே, காத்து பார்த்திடுங்க. இன்னைக்கு அக்காவை வேற கூட்டிட்டுப் போகணும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கடைக்காரர் குழாயை எடுத்துக்கொண்டு குனிந்தார். டயரின் பக்கவாட்டில் பொடியெழுத்து கண்ணில் பட்டது. நாற்பத்தி நாலு. எத்தனையோ பேரை அந்த நம்பருக்காகத் திட்டித் திருப்பி அனுப்பியவர். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், டயரிலேயே போட்டிருக்கிறதுதானே என்று. டயர் வெடிக்காது, யாருக்கும் ஆபத்தில்லை. கொஞ்சம் கல்லாகும், அவ்வளவுதான். நாலு சக்கரத்துக்கும் நாற்பத்தி நாலு வைத்து, மூடியைக்கூட மறக்காமல் திருகினார். அதுதான் இன்றைக்கு நினைத்தாலும் அவருக்கு ஆச்சரியம்.

"ஆச்சுப்பா. கிளம்பு."

"ரொம்ப தேங்க்ஸ்ண்ணே."

அன்றைக்கு மத்தியானம் ஆமையின் வண்டி வந்து நின்றபோது கடைக்காரர் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். மனைவி இறங்க வெகுநேரம் பிடித்தது. முதலில் ஒரு கால் வந்தது. பிறகு கதவைப் பிடித்த கை. பிறகு ஆமையின் மனைவி, அதாவது அவளுடைய தங்கை, முன்சீட்டிலிருந்து ஓடி வந்து தாங்கிக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்து அவளும் துணைக்குப் போயிருந்தாள். மனைவி யாரையும் பார்க்காமல் உள்ளே போய்ப் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டாள். தலையணையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

ஆமை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "அண்ணே, நான்தான் எங்கேயோ பள்ளத்துல விட்டுட்டேன்போல. பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன். வண்டிக்கும் வயசாச்சு இல்ல, ஷாக்கப்சர் போயிருக்கும். மெக்கானிக்கிட்ட விட்டு மாத்திடறேன்" என்றார்.

"ஆமா, பழைய வண்டி பாரு" என்றார் கடைக்காரர்.

ஆமையின் தலையில் பழியைப் போட்ட அந்த ஒரு சொல்லைத் தின்றாவது பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை என்பதல்ல, அதற்கு ருசியே தெரியவில்லை. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையாக, பக்கத்து அறையில் மனைவி முனகுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துவிட்டார். மாத்திரை கொடுத்தார். சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்தார். எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது?

மறுநாள் விட்டு அடுத்த நாள், ஆஸ்பத்திரி போகிற காலையில் அவளே வந்து சொன்னாள். "என்னங்க, இன்னைக்கு நம்ம வண்டியிலேயே போயிடலாம்."

கேட்கத் தவம் கிடந்த வார்த்தை. கடைக்காரர் சட்டையைக்கூட மாற்றிக்கொண்டார். கார்க் கண்ணாடியைத் துடைத்தார். அவள் பின்சீட்டுக்குப் போகாமல் முன்னால், அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையணையை முதுகுக்கு அண்டைக்கொடுத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. தெருமுனை திரும்பும்வரை அந்தப் பெருமை நின்றது.

முதல் வேகத்தடையில் அவள் கை மேலே போய்க் கைப்பிடியைப் பற்றியது. மார்க்கெட் ஓரத்துக் கல் பாவிய சாலையில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தூங்குவதற்கு மூடின கண் இல்லை அது. முன்பெல்லாம் அவளைப் பார்க்காமல் ரோட்டைத் திட்டிக்கொண்டே ஓட்டியவர், இன்றைக்கு ரோட்டைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தார். பாலத்தின் மேல் ஏறியதும், இரும்புப் பட்டை போட்ட ஒவ்வோர் இணைப்பிலும் சக்கரம் மோதி, மோதின அடி ஸ்டீயரிங் வழியாக அவர் கைக்கே வந்தது. மூன்றாவது இணைப்பில் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், பிரசவத்தில்கூட, அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதில்லை.

பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தினார். அவள் இறங்கி ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றி முழுக்க வியர்வை. இவர் சாவி முனையால் தன் வண்டியின் ஒரு சக்கரத்தில் காற்றை இறக்கிப் பார்த்தார். பிரயோஜனமில்லை என்று அவருக்கே தெரியும். இரண்டு விரல் ரப்பரில் எதை இறக்கி எதை மிருதுவாக்குவது? இன்னும் இறக்கினால் ரிம்மே ரோட்டில் இடிக்கும். போனை எடுத்து ஆமையைக் கூப்பிட்டார்.

குடும்பமே ஆமை என்று கேலி செய்த மனுஷன் அன்றைக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தார் என்று தெரியவில்லை. வந்து இறங்கியதும், "அக்கா, ஏறுங்க, ஏறுங்க" என்று பின்கதவைத் திறந்தார்.

"இரு" என்றார் கடைக்காரர்.

அந்த வண்டியில் அவளை அப்படியே ஏற்ற முடியாது. அது அந்த இடத்தில் நின்ற மூன்று பேரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தன் காரிலிருந்து காற்று அளக்கும் மீட்டரை எடுத்துவந்து, ஆமையின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். மூடியைக் கழற்றி அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வந்தது. அது நிற்கவேயில்லை. டயர்க்காரன் பெண்டாட்டிக்கு அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கம்பத்தைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி வண்டிக்கு எப்பவும் முப்பதுதானே வைப்பீங்க?"

"ஆமா."

"இப்ப எவ்வளவு இருந்துச்சு?"

வெயில் சூட்டில் ஏறியிருக்கும் என்று சொல்லலாம். மீட்டர் பழசு என்று சொல்லலாம். பொய் சொல்ல வேண்டிய எல்லாச் சாமானும் அவர் கைவசம் இருந்தது. "நாற்பத்தி நாலு" என்றார்.

ஆமைதான் முதலில் பேசினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, காத்துதானாண்ணே? நான் என்னமோ என் ஓட்டத்துலதான் குத்தம்னு ரெண்டு நாளா தூங்கல. நல்லவேளை, கண்டுபிடிச்சீங்க."

மனைவி ஆமையைப் பார்த்தாள். பிறகு மண்டி போட்டிருந்த புருஷனைப் பார்த்தாள். யார் வைத்தது என்று கேட்கவில்லை. அந்த வண்டிக்கு வேறு யார் காற்று வைப்பார்கள்? அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார். நாலு சக்கரமும் முடிகிறவரை மற்ற இரண்டு பேரும் அந்தச் சீறலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நாலாவதும் முடிந்து அவர் எழுந்தபோது, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொள்ளும் சாக்கில் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டார்.

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு ஆமையின் காருக்கு மெதுவாக நடந்து வந்தாள். கதவருகில் நின்று, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"அவர் வண்டியும் இப்படி ஆயிடுச்சே, ரெண்டுலயும் ஒரே வலிதானேன்னு நினைச்சேங்க. வலி ஒண்ணுதான்னா உங்க பக்கத்துல உட்கார்ந்துட்டுப் போகலாம்னுதான் இன்னைக்கு வந்தேன்."

அவர் மீட்டரைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க கடைக்குப் போங்க. எனக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு ஏறினாள். ஆமை கதவை அடித்துச் சாத்தாமல், கையால் அழுத்தி மூடினார்.

கார் கிளம்பிப் போவதைக் கடைக்காரர் ரோட்டோரமாக நின்று பார்த்தார். கொஞ்ச தூரத்தில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு பெரிய வேகத்தடை. முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. பின்கண்ணாடியில் தெரிந்த மனைவியின் தலை இருந்த இடத்திலேயே இருந்தது. நல்ல டயர், அவரே பார்த்து எடுத்துப் போட்டது. அவருக்கு வயிறு எரிந்தது.